தரைக்கடியிலிருந்து வரும் நச்சாவி

வீட்டுக் காற்றைக் கெடுப்பவை புகையும் தூசியும் மட்டுமல்ல. மண்ணிலும் நிலத்தடி நீரிலும் தங்கிவிட்ட வேதிக் கரைப்பான்கள் ஆவியாகி, தரை விரிசல் வழியாகவும் குழாய்கள் நுழையும் இடைவெளி வழியாகவும் அறைக்குள் புகுவதுண்டு.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள எண்டிகாட் என்னும் சிற்றூர் இதற்குச் சான்று. அங்கிருந்த ஐபிஎம் ஆலையில் 1979ஆம் ஆண்டு ஏறத்தாழ 4,100 காலன் கரைப்பான் கசிந்தது. நிலத்தடி நீரைத் தூய்மைப்படுத்தும் பணி பல ஆண்டுகள் நடந்தது. எனினும் வீடுகளின் காற்று 2000ஆம் ஆண்டுக்குப் பின்னரே விரிவாகச் சோதிக்கப்பட்டது. டிரைகுளோரோஎத்திலீன் ஆவி பல வீடுகளில் காணப்பட்டது. அப்பகுதியில் பிறந்த குழந்தைகளிடம் எடைக்குறைவும் இதயக் குறைபாடும் எதிர்பார்த்ததைவிட மிகுந்திருந்ததாக மாநில நலவாழ்வுத் துறையின் ஆய்வு காட்டியது. ஆவியே காரணம் என்று அது முடிவுகட்டவில்லை.

சோதனை எளியது. வெற்றிடக் கலன் ஒன்று 24 மணி நேரம் மெல்ல மெல்லக் காற்றை உள்ளிழுக்கும். தரைக்கடியிலும் வீட்டினுள்ளும் வெளியிலும் எடுத்த மாதிரிகளை ஒப்பிட்டால் ஆவி வரும் வழி புலப்படும். வண்ணப்பூச்சு, கறைநீக்கி, உலர்சலவை செய்த துணி ஆகியவற்றிலிருந்தும் இத்தகைய ஆவிகள் எழும். ஆகவே அவற்றை முன்கூட்டியே அகற்றிவிட வேண்டும்.

தீர்வும் உண்டு. தரைக்கடியில் குழாய் பதித்து, மின்விசிறியால் ஆவியை உறிஞ்சிக் கூரைக்கு மேல் வெளியேற்றலாம். எண்டிகாட்டில் நூற்றுக்கணக்கான கட்டடங்களில் இம்முறை பொருத்தப்பட்டது.

மணம் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று கருதலாகாது. பழைய ஆலை அல்லது உலர்சலவையகம் இருந்த இடத்தருகே நீங்கள் வசித்தால், குறிப்பாகக் கருவுற்றிருந்தால், அதனை மருத்துவரிடம் தெரிவியுங்கள்.