எட்டாத இடத்துக் கணினியும் அதன் வலையமைப்பு அட்டையும்

2006 ஆம் ஆண்டு ஆகஸ்டில் கண்டி வீதி மூடப்பட்டபோது, ஒரு தரைவழியை நம்பி வாழ்வதன் இடர் யாழ்ப்பாணத்தவர் அனைவர்க்கும் விளங்கிற்று. 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் ஆனையிறவை மாத்திரம் நம்பியிருக்க வேண்டிய நிலை நீங்கியது. தூரத்திலுள்ள சேவையகக் கணினிக்கு அதன் வலையமைப்பு அட்டை ஓர் ஆனையிறவு. நாம் இங்கிருந்து இடும் கட்டளை அதனூடாகவே செல்லும். விடையும் அதனூடாகவே மீளும். அவ்வட்டையை ஆளும் மென்பொருளாகிய இயக்கி பழுதுற்றால், திருத்துவோன் செல்லும் வழியே பழுதுற்றதாகும்.

இதனை நாம் பட்டே அறிந்தோம். கொழும்பில் எமது பொறுப்பிலிருந்த கணினியொன்றில் சிறு செய்திகள் தடையின்றிச் சென்றன. பெருங்கோப்பு அனுப்பத் தொடங்கினாலோ இணைப்பு அறுந்து, சிறிது நேரத்தில் தானே மீண்டது. இயக்கியிற் பிழையென்று துணிந்து, அதனை நீக்கி மீள ஏற்ற எண்ணினோம். நீக்குமாறு முதற் கட்டளை இட்டோம். ஏற்றுமாறு இடவேண்டிய இரண்டாங் கட்டளைக்கு வழியில்லை! நுனிக்கொம்பிலிருந்து அடிமரம் வெட்டியவன் கதைதான். எம்முள் ஒருவர் அன்றிரவே பஸ் ஏறிக் கொழும்பு சென்று, கணினியை நிறுத்தித் தொடக்கினார்.

செய்யவேண்டியிருந்தது யாது? நீக்கலையும் ஏற்றலையும் ஒரே கட்டளைத் தொடராக எழுதி, எமது இணைப்பு அறினும் அது தொடர்ந்து நடக்குமாறு விட்டிருத்தல் வேண்டும். அதற்கு முன்னரே, பத்து நிமிடத்துள் நாம் மறுத்துரையாவிடின் கணினி தானே மறுதொடக்கம் பெறுமாறு ஏற்பாடும் செய்திருத்தல் வேண்டும். புதிய இயக்கியைச் சோதிப்பதாயின், பழைய கருப்பகுதியை அழியாது வைத்து, புதியதில் ஒருமுறை மாத்திரம் தொடங்குமாறு பணித்தல் நன்று. இவற்றினும் மேலானது தனிவழி. 1998 இல் இன்ரெல், டெல், ஹியூலற் பக்காட், என்.ஈ.சி. ஆகிய நிறுவனங்கள் வெளியிட்ட ஐ.பி.எம்.ஐ. என்னும் முறையில், பிரதான கணினி உறங்கினும் விழித்திருக்கும் சிறு செயலியொன்று மின்னை நிறுத்தவும் கொடுக்கவும் உதவும். சில கணினிகளில் இதுவும் அதே வலையமைப்புத் துவாரத்தையே பங்கிடும், வாங்குமுன் கேட்டறிக. பொது இணையத்துக்கு அதனைத் திறந்து வைத்தல் ஆகாது.

இனி, இயக்கிதான் குற்றவாளியா என்பது. 2008 செப்டெம்பரில், சோதனையிலிருந்த லினக்ஸ் 2.6.27 பதிப்பு இன்ரெல் அட்டைகள் சிலவற்றின் நிலைநினைவகத்தையே சிதைத்தது. அட்டைகள் செயலிழந்தன. யாவரும் ஈ1000ஈ என்னும் இயக்கியைப் பழித்தனர். உண்மையிற் பிழை எவ்்வட்டையோடும் தொடர்பற்ற எவ்ற்றேஸ் என்னும் கண்காணிப்புப் பகுதியில் இருந்தது. விடுவிக்கப்பட்ட நினைவக முகவரிகளை அது மறவாது வைத்திருந்து, பின்னர் அவற்றில் எழுத முயன்றது. அதற்குள் அம்முகவரிகளிற் சில அட்டையின் நிலைநினைவகத்துக்கு வழங்கப்பட்டிருந்தன. அக்டோபரில் வெளிவந்த 2.6.27.1 இல் அப்பகுதி முடக்கப்பட்டது.

ஆதலின் பதிவேட்டை முதலில் வாசித்தலே முறை. எமது கணினியின் பதிவேட்டிலும் அட்டை அடிக்கடி உறைந்து நின்றதாகத் தெளிவாக எழுதியிருந்தது, நாம்தான் பார்த்திலோம். பெருந்தரவை ஏறத்தாழ 1500 பைற்று அளவான துண்டுகளாக வெட்டும் வேலையைப் பணிசெயல் முறைமை இக்காலத்தில் அட்டையிடம் ஒப்படைக்கின்றது. அவ்வேலையிலேயே எமது அட்டை தடுமாறிற்று. ஈத்ரூல் என்னும் கருவியால் அவ்வொப்படைப்பை நிறுத்தியதும் கோப்புகள் ஒழுங்காகச் சென்றன. செயலிக்குச் சற்று வேலை கூடியது, அவ்வளவே. ஆயின் அக்கட்டளை மறுதொடக்கத்தோடு மறைந்துவிடும். அதனைத் தொடக்கக் கோப்பிலும் எழுதிவைத்தோம்.