பி.எம். கிசான்: சென்னையில் இருந்தாலும் கிடைக்குமா? 'கொரோனா பணம்' குழப்பம் என்ன?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறில் குடியிருந்தாலும் ஊரில் பட்டா நிலம் வெச்சிருக்கீங்களா? 2020 ஊரடங்கில் விவசாயிகள் கணக்கில் விழுந்த 2,000 ரூபாய் பற்றி இதைத் தெரிஞ்சுக்கோங்க.

அது என்ன பணம்?

பலர் நினைப்பதுபோல் தனி கொரோனா நிவாரணம் அல்ல. பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், 3 தவணைகளாகத் தரப்படுகிறது. அதில் ஒரு தவணையைத்தான் 2020 ஏப்ரலில் மத்திய அரசு முன்கூட்டியே போட்டது.

தமிழ்நாட்டில் நடந்தது என்ன?

'கொரோனா பணம் வாங்கித் தர்றோம்' என்று சொல்லி இடைத்தரகர்கள் ஆதார், வங்கி விவரங்களை வாங்கினார்கள். நிலமே இல்லாதவர்களும் விவசாயிகளாகப் பதிவானார்கள். அதிகாரிகளின் பாஸ்வேர்டே இதற்குப் பயன்பட்டது. 2020 ஆகஸ்டில் மோசடி வெளியானது. தகுதியில்லாத சுமார் 5.5 லட்சம் பேருக்கு, சுமார் 110 கோடி ரூபாய் போயிருந்தது. சி.பி.சி.ஐ.டி. வழக்குப் பதிந்தது. பயனாளிகளிடமிருந்து பணம் திரும்ப வசூலிக்கப்பட்டது.

யாருக்குக் கிடையாது?

* வருமான வரி கட்டுபவர்கள்
* கடைநிலை ஊழியர் தவிர்த்த அரசு ஊழியர்கள்
* மாதம் 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் பெறும் மற்றவர்கள்
* தொழில் செய்யும் டாக்டர், வக்கீல், ஆடிட்டர், இன்ஜினியர்

கணவன், மனைவியில் ஒருவர் இதில் வந்தாலும் குடும்பத்துக்கே கிடையாது.

குத்தகை விவசாயிக்கு?

நிலம் அவர் பெயரில் இல்லாததால் கிடையாது. சென்னையில் இருக்கும் உரிமையாளர் தகுதி பெறலாம். அதே வயலில் இறங்கி உழுபவருக்கோ அந்த 2,000 ரூபாய் வராது.