சிங்கப்பூர் போறது இருக்கட்டும்... சுங்குவார்சத்திரம் பார்த்தாச்சா?

பென்னலூர்—

காலை 6 மணி. பெங்களூர் நெடுஞ்சாலையில் வரிசையாகக் கம்பெனி பஸ்கள். நைட் ஷிப்டு முடிந்து தூக்கக் கண்ணோடு இறங்குகிறவர்கள் ஒரு பக்கம். சாப்பாட்டு டப்பாவோடு ஏறுகிறவர்கள் மறுபக்கம்.

இதே சாலையோரம்தான் 1985-ல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா என்ஜினீயரிங் கல்லூரி இருக்கிறது. என்ஜினீயரிங் படிக்கிற பிள்ளைகளுக்கு இப்போது பாரின் டூர் ஆசை. உல்லாசம் அல்ல, படிப்புப் பயணம்! தொழில்நுட்பம் பார்க்கணும், உலக வியாபாரம் புரியணும், தலைமை தாங்கப் பழகணும்.

பணக்காரர்களுக்கு மட்டுமா?

இல்லவே இல்லை! 2022 நவம்பரில் அரசுப் பள்ளி மாணவர்கள் ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்கு அரசு செலவில் பறந்தார்கள். 2024 ஜூனில் 'நான் முதல்வன்' திட்டத்தில் 25 கல்லூரி மாணவர்கள் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெற்றார்கள். திறமையைப் பார்த்துத்தான் தேர்வு. அப்பாவின் சட்டைப் பையைப் பார்த்து அல்ல!

வாசலில் உலகம்!

ஆனால் ஒரு சங்கதி. உலகம்தான் நம்ம வாசலுக்கே வந்து விட்டதே! பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் கொரியாவின் ஹூண்டாய், 1998-ல் சான்ட்ரோ காரை இறக்கியது. ஒரகடத்தில் ஜெர்மனிக்காரர்களின் டெய்ம்லர் லாரி ஆலை. சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் செய்யும் பாக்ஸ்கான், தைவான் கம்பெனி.

தலைமைப் பாடமும் அங்கேயே உண்டு. 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அமைச்சர்கள் முன்னால் பேசி முடித்து, வேலைக்குத் திரும்பினார்கள்.

நோக்கியா சொன்ன பாடம்

2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் வந்தது நோக்கியா. ஒரு கட்டத்தில் 8 ஆயிரம் பேர் வரை நேரடி வேலை. பிறகு வரித் தகராறு, வழக்கு. 2014-ல் செல்போன் பிரிவை மைக்ரோசாப்ட் வாங்கியபோது இந்த ஆலை மட்டும் கைமாறவில்லை. ஆர்டர் நின்றது. அந்த ஆண்டு நவம்பர் 1-ந் தேதி உற்பத்தியும் நின்றது.

முடிவு எடுத்தது பின்லாந்திலும் அமெரிக்காவிலும். அடுப்பு அணைந்தது இங்கே! உலகமயம் என்றால் என்ன என்று எந்த வாத்தியார் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியும்?

பெற்றோரே உஷார்!

தனியார் ஏஜெண்டு "லண்டன் சர்டிபிகேட்" என்று ஆசை காட்டினால் உடனே பணத்தை எடுக்காதீர்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேளுங்கள். எத்தனை நாள் வகுப்பு, எத்தனை நாள் ஊர் சுற்றல் என்று எழுத்தில் வாங்குங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

தம்பி, தங்கைகளே! வாய்ப்பு வந்தால் தாராளமாகப் பறந்து வாருங்கள். அதற்குள் கல்லூரிக் கடிதத்தோடு அனுமதி கேட்டு, பக்கத்துக் கம்பெனி ஒன்றையாவது பார்த்து விடுங்கள். வேலை முடிந்து வரும் அக்கா, அண்ணனிடம் நாலு வார்த்தை பேசுங்கள்.

பாஸ்போர்ட் அப்புறம் வரட்டும். முதலில் ஒரு பஸ் டிக்கெட்!