கட்டற்ற தமிழ்க் கற்பனைக் கதைகள்

கட்டற்ற தமிழ்க் கற்பனைக் கதைகள் என்பன அறிபுனை, கனவுருப்புனைவு, திகில் புனைவு ஆகிய வகைகளைச் சேர்ந்த, பதிப்புரிமைத் தடையின்றி எவரும் இணையத்தில் படிக்கவும் படியெடுக்கவும் கூடிய படைப்புகளாகும்.

பதிப்புரிமை

இந்தியாவில் எழுத்தாளர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். அதற்கு முன்னரே, மரபுரிமையருக்குத் தொகை வழங்கித் தமிழக அரசு சில படைப்புகளை நாட்டுடைமையாக்குவதுண்டு. 1948இல் மறைந்த புதுமைப்பித்தனின் எழுத்துகள் 2002இல் நாட்டுடைமையாயின.

படைப்புகள்

புதுமைப்பித்தனின் "காஞ்சனை", வீட்டு வேலைக்கு வந்த பெண் பேயோ என்னும் ஐயத்தைச் சுற்றி அமைந்த திகில் கதை. அவரது "கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்" கதையில் கடவுள் சென்னைத் தெருமுனையில் மனித உருவில் தோன்றுகிறார். 1921இல் மறைந்த பாரதியாரின் "ஞானரதம்" கந்தர்வ லோகம் முதலிய உலகங்களுக்குச் செல்லும் கற்பனைப் பயணமாகும்.

கிடைக்குமிடங்கள்

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் தமிழ் விக்கிமூலமும் தன்னார்வலர் உழைப்பால் இயங்கும் மின்னூலகங்கள். இவற்றில் ஆசிரியர் பெயரால் தேடுதல் எளிது. சென்னைப் பதிப்பகங்களுக்குத் தொலைவிலுள்ள பேராவூரணி போன்ற ஊர்களின் மாணவர்களுக்கும் இந்நூல்கள் விலையின்றிக் கிடைக்கின்றன.

அறிபுனையின் நிலை

தமிழ் அறிபுனையில் பெரும்பகுதி பிற்காலத்தது. ஆதலால் கட்டற்றவை குறைவு. சுஜாதா 2008இல் மறைந்தார். "என் இனிய இயந்திரா" முதலிய அவரது படைப்புகள், நாட்டுடைமையாக்கப்படாவிடின், 2068 இறுதிவரை பதிப்புரிமைக்கு உட்பட்டவை. அவற்றின் அனுமதியற்ற மின்படிகள் இலவசமாகக் கிடைப்பினும் கட்டற்றவை ஆகா.