இல்லத்துப் பெயர்ப்பலகை

புதிதாக ஓர் ஊருக்கு வந்தவர், தாம் தேடும் வீட்டைத் தெருமுனையில் நின்று நாடுங்கால், முதலில் அவருக்கு வழிகாட்டுவது வாயிலில் விளங்கும் பெயர்ப்பலகையே. சலவைக்கல்லிலும் பித்தளைத் தகட்டிலும் பெயர் பொறிப்போர் பலர். எனினும், பள்ளி மாணவன் ஒருவன் தன் கையாலேயே செய்து தன் வீட்டு வாயிலில் பொருத்தத்தக்கது மரப்பலகைதான். அதற்கு வேண்டும் கருவிகள் சில. வேண்டும் பொறுமையோ பெரிது. தாளில் எழுதிய பிழையை அழித்துத் திருத்தலாம். உளி வெட்டிய பிழையை அவ்வாறு அழித்தல் இயலாது.

ஆகலின் இவ்வேலை மரத்தில் தொடங்குவதன்று, பெயரில் தொடங்குவது. ‘தமிழ்க்குடில்’ என்று செதுக்கக் கருதிய ஒருவன், இடையிலுள்ள ககர ஒற்றை மறந்து ‘தமிழ்குடில்’ எனச் செதுக்கிவிட்டான் எனக் கொள்வோம். அவ்வொற்றைப் பின்னர் நுழைக்க இடமேது? பலகையின் முகம் முழுவதையும் இழைத்துத் தள்ளி, மீண்டும் தொடங்குவதன்றி வேறு வழியில்லை. இழைக்காது விடுவானாயின், அப்பிழை தெருவில் செல்வோர் அனைவர்க்கும் ஆண்டுக்கணக்கில் தன்னைக் காட்டிக்கொண்டே நிற்கும். எனவே, பெயரைத் தாளில் எழுதி, தமிழறிந்தார் ஒருவரிடம் காட்டிய பின்னரே உளியை எடுத்தல் வேண்டும். பழைய வீடுகளில் ‘துணை’ என்னும் சொல்லின் ஈற்றெழுத்து, யானையின் துதிக்கை போன்ற வளைவுடன் வேறு வடிவில் இருத்தலைக் காணலாம். அது பிழையன்று. 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்னர் வழங்கிய வடிவம் அது.

இனி, மரத்தைக் காண்போம். அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் தொல்காப்பியர் மரபியலில் பிரித்துரைத்தார். அம்முறைப்படி பனையும் மூங்கிலும் புல்லினமே. பெயர்ப்பலகைக்கு உரியது அகத்து வயிரம்; பட்டையை அடுத்துள்ள வெளிறு விரைவில் பூச்சிக்கு இரையாகும். தேக்கு வெயிலுக்கும் மழைக்கும் ஈடுகொடுக்கும். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில் மரச்சிற்பத் தொழில் சிறப்புற்று விளங்குகிறது. 2020ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்குள்ள சிற்பியர் வாகை, வேம்பு, மா முதலிய மரங்களையும் ஆள்கின்றனர். எம்மரமாயினும் நன்கு உலர்ந்திருத்தல் வேண்டும். ஈரமரம் உலருங்கால் நீளத்தில் மிகச் சிறிதே குறுகும். அகலத்திலோ பெரிதும் குறுகும். அதனாலேயே பலகை வளைகிறது, வெடிக்கிறது.

45 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் 2.5 செ.மீ. கனமும் உள்ள பலகை ஒன்று ‘அன்பகம்’ என்னும் பெயருக்குப் போதும். இழைப்புளியால் முகத்தைச் சமமாக்கிய பின், பெயரைத் தாளில் அதே அளவில் வரைந்து, கரித்தாள் வைத்துப் பலகையில் படியெடுத்தல் வேண்டும். ஐந்தெழுத்தாயிற்றே என்று ஐந்து சமக் கட்டங்கள் போடுவது தொடக்கத்தில் பலரும் செய்யும் தவறாகும். அகரமும் னகரமும் அகன்றவை, பகரம் ஒடுங்கியது. கட்டங்கள் சமமாயின், எழுத்துகளின் இடைவெளி சமமாகத் தோன்றாது. இடைவெளியைக் கண்ணால் அளந்து அமைத்தலே முறை. மேலும், ‘ன்’, ‘ம்’ ஆகியவற்றின் புள்ளிக்குத் தலைப்பக்கத்தே இடம் விடுதல் வேண்டும்.

செதுக்குதலே இவ்வேலையின் உயிர்நிலை. பலகை அசையாதவாறு மேசையோடு இறுகப் பிணிக்கப்பட்டிருத்தல் வேண்டும். உளியின் வாய்க்கு முன்னே கை ஒருபோதும் செல்லலாகாது. எழுத்தின் கோட்டு நடுவே முதலில் ஆழமின்றி ஒரு வெட்டு வெட்டி, பின் இருபுறமிருந்தும் அதனை நோக்கிச் சரிவாகச் செதுக்கினால், இரு சரிவுகளும் அடியில் கூடும் குழிவெழுத்து உண்டாகும். மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழம் போதும்.

மரத்தின் இழையோட்டத்தை அறியாதவன் கையில் உளி பகையாகும். பகரத்தை நோக்குக. அதன் இரு நிமிர்கோடுகளும் இழையைக் குறுக்கே வெட்டுவன. அடிக்கோடு இழையோடு செல்வது. அடிக்கோட்டை முதலில் வெட்டினால், பிளவு எழுத்தின் எல்லையைக் கடந்து ஓடிவிடும். நிமிர்கோடுகளை முன்னரே வெட்டியிருந்தால், ஓடிவரும் பிளவு அவ்வெட்டில் வந்து நின்றுவிடும். அதனினும் அரியது னகரத்தின் சுழி. சுழியின் நடுவே எஞ்சும் சிறு மரத்துண்டைத் தாங்கும் இழைகள் மிகக் குறுகியவை. அங்கே கொட்டாப்புளியால் அடித்தால் அத்துண்டு பெயர்ந்து தெறிக்கும். கொட்டாப்புளியை விலக்கி, கூரிய சிற்றுளியைக் கையாலேயே அழுத்திச் சிறிது சிறிதாகச் சீவுதல் வேண்டும். மழுங்கிய உளி மரத்தை வெட்டாது, பிய்க்கும். புள்ளிகளைத் துரப்பணத்தால் இட்டுவிடலாம்.

ஓரத்தில் ஒரு கொடியோ, மாவிலைத் தோரணமோ செதுக்கலாம். அணி மிகுந்தால் பெயர் மறையும்.

பின்னர் உப்புத்தாளால் இழையோட்டத்தின் வழியே தேய்த்து, ஒருமுறை வார்னிஷ் பூசி உலரவிட்டு, அதன் பின்னரே எழுத்துகளுக்கு வண்ணம் தீட்டுதல் வேண்டும். இன்றேல் வண்ணம் மரத்தின் நுண்துளைகளில் பரவி, எழுத்தின் விளிம்பு கலங்கும். முகத்தைப் போலவே முதுகிற்கும் பூச்சு வேண்டும். ஒருபுறம் மட்டும் பூசினால், மறுபுறம் ஈரத்தை உண்டு பலகை வளையும். வார்னிஷுக்கு மாறாக ஆளிவிதை எண்ணெய் பூசுவோர், துடைத்த துணிகளைக் குவித்து வைத்தலாகாது. அவை தாமே வெப்பமுற்றுத் தீப்பற்றுதல் உண்டு. அவற்றை விரித்து வெளியில் உலர்த்துக.

பொருத்துவதற்குப் பித்தளைத் திருகாணியே ஏற்றது. இரும்பாணி துருவேறி மரத்தில் கறையை உண்டாக்கும். சுவருக்கும் பலகைக்கும் இடையே சிறு கட்டைகளை வைத்து, ஒரு விரற்கிடை வெளி விட்டால், மழைநீர் தங்காது. கறையானும் மறைவாக ஏறாது. ஆண்டுதோறும் மழைக்காலத்திற்கு முன் பலகையைக் கழற்றித் துடைத்து, மேற்பூச்சு ஒன்று கொடுத்து, மீண்டும் பொருத்துதல் வேண்டும்.