குடியிருக்க ஓர் உரிமை

பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் மணல்திட்டில் அமைந்தது லைட்ஹவுஸ் குப்பம். கலங்கரை விளக்கமே ஊருக்குப் பெயராயிற்று. இங்கு வாழும் மீனவருக்கு வீடு என்பது வெயிலையும் மழையையும் தடுக்கும் கூரை மட்டுமன்று. வாசலில் நின்றே காற்றின் போக்கை அறிய வேண்டும். அருகிலேயே வலை உலர வேண்டும். படகு கண்பார்வையில் இருக்க வேண்டும். ஆதலின், கடலோர மக்களின் வீட்டுப் பிரச்சினையைத் தொழிலினின்று பிரித்துப் பேசுதல் பொருந்தாது.

இவ்வுண்மையை நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் ஏற்றுள்ளது. பம்பாய் நடைபாதைவாசிகள் தொடர்பான ஓல்கா டெல்லிஸ் வழக்கில், 1985ஆம் ஆண்டு, வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் எனத் தீர்ப்பளித்தது. எனினும், முன்னறிவிப்புத் தந்து அகற்றுவதை அது தடுக்கவில்லை. சென்னையில் ஆற்றோரங்களிலும் கடலோரங்களிலும் வாழ்ந்தோர் பலர், 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகர் போன்ற தொலைவான குடியிருப்புகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சுவரும் கூரையும் கிடைத்தன. பிழைப்போ பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

கடலோர ஒழுங்குமுறை மண்டலம் பற்றி மத்திய அரசு 2011இல் வெளியிட்ட அறிவிக்கை, மீனவ மக்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்கு மாநிலங்கள் விரிவான திட்டம் வகுக்க வேண்டும் என்றது. முறையான அனுமதியின்றி நின்ற பாரம்பரிய மீனவர் வீடுகளை, சில நிபந்தனைகளுடன் வரன்முறைப்படுத்தவும் வழி காட்டிற்று. அவற்றுள் ஒன்று, அவ்வீட்டைப் பாரம்பரியக் கடலோரச் சமூகத்தைச் சாராதோருக்கு விற்கலாகாது என்பது. அதன்பின் 2019இல் புதிய அறிவிக்கை வந்தது. அறிவிக்கைகள் மாறலாம், பெருகிவரும் குடும்பங்களின் தேவை மாறுவதில்லை.

ஒரே வீட்டில் மூன்று தலைமுறைகள் நெருங்கி வாழ இயலாதபோது, இளங்குடும்பங்கள் எண்ணூர், திருவொற்றியூர் எனச் சென்று வாடகைக்குக் குடியேறுகின்றன. அவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், நியாய வாடகையை நிர்ணயிக்குமாறு அதிகாரியிடம் முறையிட இடமிருந்தது. 2017இல் இயற்றப்பெற்று, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலோ, இருவரும் ஒப்புக்கொண்டு எழுதியதே வாடகை. ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாதல் வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிடில், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. கொடுத்த வாடகைக்கு ரசீது பெறலாம். தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்துக் குடியிருப்போரை நெருக்குவது சட்டத்திற்கு மாறானது.

இதன் பொருள் யாது? வாடகைதாரரின் பாதுகாப்பு முழுவதும் ஒரு தாளில் அடங்கியுள்ளது. அத்தாளைப் படித்துப் பார்க்காமல் கையொப்பமிடுகிறவர், தமக்குள்ள பாதுகாப்பையே கைநழுவ விடக்கூடும். வாய்ப்பேச்சை நம்பி முன்பணம் கொடுப்பவரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது.

வீடற்றோருக்கான உலக ஆண்டாகிய 1987இல், உரோமையின் நீதி மற்றும் அமைதி ஆணையம் வீடற்றோர் நிலைபற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. பெத்லகேம் சத்திரத்தில் இடமின்றித் தொழுவத்தில் பிறந்தவரை வணங்கும் நாம், இதனைப் பிறர் கவலை என ஒதுக்கலாகாது. நம்மிடையே வீடுகளை வாடகைக்கு விடும் கத்தோலிக்கர் உளர். சாதியையும் தொழிலையும் கேட்டுக் கதவடைப்பதும், மீன் வாடையைக் காரணம் காட்டி மறுப்பதும் நற்செய்திக்கு அடுத்தவையா? வாடகை உரியதே, ஏழையின் அவசரத்தை விலையாக்குவதே தவறு. ஒவ்வொரு பங்கிலும் எழுத்தறிந்த இளைஞர் இருவர் முன்வந்து, ஒப்பந்தங்களைப் படித்து விளக்கி, பட்டா வேண்டுவோரின் மனுக்களை எழுதித் தரலாம். பிறரன்புப் பணிக்கு இதனினும் எளிய வழி ஏது?

பழவேற்காட்டு மீனவருள் ‘பாடு’ என்னும் ஏற்பாடு உண்டு. ஏரியில் மீன் மிகுந்த இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். வலிமையுள்ளவர் மட்டுமே வாரிக்கொள்ள விடுவதில்லை. அப்பாட்டில் இடம்பெறாதோரும் ஏரிக்கரையில் உண்டென்பது மெய்யே. எனினும், நீரையே முறைவைத்துப் பகிர்ந்த மக்களுக்கு, நிலத்தையும் கூரையையும் எவரும் விடுபடாமல் நியாயமாகப் பகிரும் வழி அரிதன்று. அதற்கு அரசின் திட்டமும் வேண்டும். அண்டை அயலாரின் நல்மனமும் வேண்டும்.