பூதபுரியிலிருந்து திருவரங்கம்: வழியும் பொழுதும்

உடையவர் ஸ்ரீ இராமானுசர் கி.பி. 1017ஆம் ஆண்டு, சித்திரைத் திருவாதிரையில் அவதரித்த திருத்தலம் பூதபுரி எனப்படும் ஸ்ரீபெரும்புதூர். இங்கு அவர் 'தானுகந்த திருமேனி'யாக எழுந்தருளியுள்ளார். திருவரங்கத்திலோ 'தானான திருமேனி'யாகச் சேவை சாதிக்கிறார். ஆதலால் இவ்விரு தலங்களையும் ஒரே பயணத்தில் சேவிக்க விரும்பும் அன்பர்கள் பலர்.

சாலை வழியே செல்வோர் ஒரகடம், சிங்கபெருமாள் கோவில், செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், பெரம்பலூர் வழியாகத் திருவரங்கம் அடையலாம். தூரம் சுமார் 300 கி.மீ.; காரில் 5 முதல் 6 மணி நேரம் ஆகும். ஒரகடம் பகுதியில் தொழிற்சாலைகளின் பணிமுறை மாறும் காலையிலும் மாலையிலும் பேருந்துகளும் சரக்கு வாகனங்களும் நெருங்குமாதலால், விடியற்காலையில் புறப்படுதல் நலம். வழியில் வல்லக்கோட்டை முருகப்பெருமானையும், சிங்கபெருமாள் கோவிலில் பாடலாத்ரி நரசிம்மரையும் சேவிக்கலாம்.

விமானத்தில் சென்னையிலிருந்து திருச்சிக்குப் பறக்கும் நேரம் சுமார் 1 மணி மட்டுமே. ஆயினும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மீனம்பாக்கம் சுமார் 30 கி.மீ.; அதற்கு 1 மணி நேரம். சோதனைகளுக்காக ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் முன்னதாக அங்கிருக்க வேண்டும். திருச்சியில் இறங்கி, பெட்டிகளைப் பெற்று, திருவரங்கம் சேர மேலும் 1 மணி நேரம். ஆக மொத்தம் நாலரை முதல் 5 மணி நேரம். மிச்சமாகும் பொழுது சிறிதே. நெடுநேரம் அமர்ந்து வர இயலாத முதியோருக்கு விமானம் உதவும். குடும்பத்துடன் செல்வோருக்குச் சாலையே சிக்கனம்.

இவ்வழியின் அருமையை உடையவரின் சரிதமே உணர்த்துகிறது. ஆளவந்தார் தமக்குப் பின் சம்பிரதாயத்தைக் காக்க இளைய இராமானுசரை அழைத்துவரப் பெரிய நம்பியைக் காஞ்சிக்கு அனுப்பினார் என்று குருபரம்பரை கூறும். இருவரும் நடந்தே திருவரங்கம் புறப்பட்டனர். நாளொன்றுக்கு 25 அல்லது 30 கி.மீ. நடந்தாலும் பத்து நாட்களாகும் வழி அது. அவர்கள் சென்றடைந்தபோது ஆளவந்தார் பரமபதம் அடைந்திருந்தார். அவர் திருக்கரத்தில் மூன்று விரல்கள் மடங்கியிருக்கக் கண்ட இராமானுசர், ஆசாரியரின் நிறைவேறாத மூன்று விருப்பங்களையும் நிறைவேற்றுவதாகச் சூளுரைத்தார்; விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. அரங்கனைச் சேவிக்கவும் மனமின்றி அவர் காஞ்சிக்குத் திரும்பினார்.

பின்னர் அவர் மீண்டும் திருவரங்கம் நோக்கிப் புறப்பட்டபோது, எதிரே வந்த பெரிய நம்பியை மதுராந்தகத்தில் சந்தித்தார். காஞ்சிக்குச் சென்று முறைப்படி செய்யலாம் என்று நம்பி கூறியும், முன்னர் நேர்ந்த தாமதத்தை எண்ணிய இராமானுசர் அக்கணமே தம்மை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டினார். ஏரிகாத்த இராமர் சந்நிதியில், மகிழ மரத்தடியில், அவருக்குப் பஞ்ச சம்ஸ்காரம் நடைபெற்றது.

அம்மதுராந்தகம் செங்கல்பட்டிற்குத் தெற்கே சுமார் 25 கி.மீ. தொலைவில் இச்சாலையிலேயே உள்ளது. வானில் செல்வோருக்குக் கிட்டாத தரிசனம் இது. பத்து நாள் வழி இன்று அரை நாளுக்குள் அடங்கிவிட்டது. 'ஓய்வு பெற்றபின் பார்க்கலாம்' என்று பெற்றோரின் விருப்பத்தைத் தள்ளிவைக்காமல், விடுமுறை கிட்டும்போதே அவர்களை அழைத்துச் சென்று, உடையவர் திருவடிகளைச் சேவித்து, அரங்கன் அருள் பெறுவோமாக.